எடைக்குப் போட்ட புத்தகங்கள்

சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும் பொங்கல் நாட்களில் நந்தனத்தில் உண்மையில் இரண்டு காட்சிகள் நடக்கின்றன. ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்குள் கொட்டகை, பத்து சதவீதக் கழிவு, மேடைப் பேச்சு. மைதானத்துக்கு வெளியே நடைபாதையில் தார்ப்பாய் விரித்துப் பரப்பிய பழைய புத்தகங்கள். உள்ளே நடப்பது 1977இல் தொடங்கியது. வெளியே நடப்பதற்குத் தொடக்க ஆண்டு என்று எதையும் சொல்ல முடியாது. 1985 மே மாதம் எரிந்துபோன மூர் மார்க்கெட்டை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்த நடைபாதையை அதன் வாரிசாகப் பார்க்கிறார்கள்.

பல ஆண்டுகளாக நான் வெளியே இருக்கும் காட்சிக்குத்தான் முதலில் போகிறேன், பெண்கள் எழுதிய பழைய நாவல்களைத் தேடி. அந்தத் தேடலின் சுவையைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். எனக்கு இங்கே சொல்ல வேண்டியது வேறு. பழைய புத்தகம் தேடுவதைப் பற்றித் தமிழில் எப்படி எழுதிவந்திருக்கிறோம், அப்படி எழுதுவதால் எது கண்ணில் படாமல் போகிறது என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கட்டுரைகளுக்கு ஒரு நிலைத்த வடிவம் உண்டு. தலைப்பிலோ முதல் பத்தியிலோ ‘வேட்டை’ என்ற சொல் வந்துவிடும். வேட்டைக்காரர் ஆண். திருவல்லிக்கேணி நடைபாதையில் குந்தி உட்கார்ந்து, கடைக்காரருக்கு மதிப்புத் தெரியாத ஒரு முதல் பதிப்பை ஐந்து ரூபாய்க்கு வாங்கிவிடுவார். வெற்றியோடு வீடு திரும்பினால் அங்கே மனைவி நிற்பாள். ‘இன்னும் குப்பையா?’ என்று கேட்பதற்காகவே அவள் அந்தக் கட்டுரைக்குள் வருகிறாள். பையைச் செருப்பு வைக்கும் இடத்தில் ஒளித்துவிட்டு, அவள் தூங்கிய பிறகு எடுத்துவந்ததைப் பற்றி ஒரு நகைச்சுவை இருக்கும். கடைசியில் ஒரு சோகம்: இன்னார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததை, அவர் கண்மூடியதும் வீட்டம்மா ஒரே நாளில் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுவிட்டார்.

கணவர் இருக்கும்வரை தடை, போன பிறகு அழிவு. இந்த வடிவத்தில் பெண்ணுக்கு இருப்பது இந்த இரண்டு வேடம்தான்.

அந்த எடைக்குப் போட்ட கதையை அவள் பக்கத்திலிருந்து ஒருமுறை பார்க்கலாம். அந்த அலமாரிகளை இத்தனை வருடம் தூசி தட்டியது யார்? கரையானுக்குப் பயந்து வசம்பும் வேப்பிலையும் வைத்தது யார்? மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறியபோது கட்டுக்கட்டாக மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய்க் காயவைத்தது யார்? ஒரு அறை முழுக்கப் புத்தகம் இருந்ததால் பிள்ளைகளோடு கூடத்தில் படுத்தவளும் அவள்தான். ஆனால் அது ‘அவருடைய’ நூலகம். எந்தப் புத்தகம் அரியது, எந்த நூலகம் வாங்கிக்கொள்ளும், யாரிடம் கேட்கலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த இரண்டு வீடுகளில், முப்பது நாள் காரியம் முடிவதற்குள் நண்பர்கள் வந்து நல்லதாகப் பார்த்து எடுத்துப் போனார்கள். வீட்டுக்காரர் வாடகை கேட்டார், மகன் தன் ஊருக்கு வரச் சொன்னான். எடைக்குப் போனது மிஞ்சிய புத்தகங்கள். பழியை மட்டும் அவள் தலையில் முழுசாக வைத்தார்கள்.

இதற்கு மாறான உதாரணமும் நம்மிடம் இருக்கிறது. புதுக்கோட்டையில் உள்ள ஞானாலயா நூலகம் கிருஷ்ணமூர்த்தி, டோரதி என்ற இணையர் சேர்ந்து உருவாக்கியது. அரிய முதல் பதிப்புகளைத் தேடி ஆய்வாளர்கள் போகும் இடம் அது. சேகரிப்பு என்பது இருவர் வேலையாக இருக்க முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஆனால் ‘புத்தகப் பித்தர்’ என்ற சொல்லை நாம் இன்னும் ஒருமையில், ஆண்பாலில்தான் வைத்திருக்கிறோம்.

சரி, ஒரு பெண் இறந்த பிறகு அவளுடைய புத்தகங்கள் என்ன ஆகின்றன? இதைப் பற்றி எழுதிய ‘வேட்டை’க் கட்டுரை எதையும் நான் வாசித்ததில்லை. அவளிடம் ஒரு சேகரிப்பு இருந்ததாகவே யாரும் நினைப்பதில்லை என்பதுதான் காரணம். பீரோவில் புடவைக்கு அடியில் நாலு, தையல் மெஷின் பெட்டிக்குள் ரெண்டு, பரண்மேல் டிரங்குப் பெட்டியில் ஒரு அடுக்கு என்று அவை சிதறிக்கிடக்கும். புடவையைப் பங்கு போடுவார்கள், பாத்திரத்தைப் பங்கு போடுவார்கள். புத்தகம் பழைய பேப்பரோடு போகும். நடைபாதையில் நான் தேடுவது இவற்றைத்தான்.

அங்கே விலை எப்படி அமைகிறது என்று பாருங்கள். கடைக்காரருக்கு மதிப்புத் தெரியாது என்பது பழைய கதை. இன்று அவருக்கு நன்றாகவே தெரியும். கல்கி இதழில் 1950களில் வெளிவந்த பொன்னியின் செல்வன், மணியம் ஓவியங்களோடு பைண்டு செய்தது, அவரிடம் இருந்தால் அது தார்ப்பாயில் கிடக்காது. பிளாஸ்டிக் உறை போட்டுத் தனியாக, பின்னால் இருக்கும். விலை ஆயிரங்களில் தொடங்கும். அதே காலத்து இதழிலிருந்து, அதே மாதிரி பிரித்தெடுத்து, அதே மாதிரி தைத்த லட்சுமியின் தொடர்கதையோ அநுத்தமாவின் தொடர்கதையோ ‘எதை எடுத்தாலும் முப்பது’ குவியலில் கிடக்கும். இதில் கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. யார் எதைக் கேட்கிறார்களோ அதற்கு விலை ஏறுகிறது. கேட்பவர்கள் எதைக் கேட்க வேண்டும் என்று தீர்மானித்தது நம் விமர்சன மரபு. சிறுபத்திரிகைகளில் போட்ட பட்டியல்கள், பல்கலைக்கழகப் பாடத்திட்டங்கள், ‘குடும்ப நாவல்’ என்று ஒரே சொல்லில் நூற்றுக்கணக்கான புத்தகங்களைத் தள்ளிவைத்த மதிப்புரைகள் எல்லாம் நடைபாதைவரை வந்து விலையாக நிற்கின்றன.

அந்தக் குவியலில் எனக்குக் கிடைத்த ஒரு பைண்டு புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வார இதழ் ஒன்றில் வந்த தொடர்கதை. காலிகோ முதுகு, ஓரம் சீராக வெட்டாத பக்கங்கள். முதல் பக்கத்தில் ‘மிஸஸ்’ என்று தொடங்கிக் கணவர் பெயரில் முடியும் ஒரு பெயர். நடுவில் ஒரு அத்தியாயத்துக்கான பக்கங்கள் இல்லை. அந்த வாரத்து இதழ் தவறிப்போயிருக்க வேண்டும். அந்த இடத்தில் கோடு போட்ட நோட்டுத்தாள் ஆறு, இருபக்கமும் நீல மையில் பொடி எழுத்து. இரவல் இதழைப் பார்த்து அத்தியாயம் முழுவதையும் கையால் எழுதி, மற்ற பக்கங்களோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். ‘தொடரும்’ என்பதைக்கூட விடவில்லை.

பெண்கள் பொழுதுபோக்குக்காகப் படித்தார்கள், படித்துவிட்டு மறந்தார்கள் என்று நம் இலக்கிய வரலாறுகள் சொல்லும்போது எனக்கு அந்த ஆறு தாள்கள் நினைவுக்கு வருகின்றன. பொழுதுபோக்க வந்தவர் ஒரு அத்தியாயத்தைப் பிரதி எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். சமையல் முடிந்து, பாத்திரம் கழுவி, பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் அதற்கு நேரம் கிடைத்திருக்கும். ஓலையைப் பார்த்து ஓலை எழுதியவர்களை ஏடு காத்தவர்கள் என்கிறோம். இந்தக் கைக்கு நம்மிடம் பெயர் இல்லை.

இப்படிப்பட்ட தடயங்கள் நிறையக் கிடைக்கின்றன. கிளை நூலகத்திலிருந்து கழித்துவிட்ட நாவல்களின் பின்னட்டையில் திருப்பித் தர வேண்டிய தேதியை முத்திரையிடும் தாள் இருக்கும். பெண் எழுத்தாளர்களின் நாவல்களில் அந்தத் தாளின்மேல் இன்னொரு தாள், அதன்மேல் இன்னொன்று என்று ஒட்டியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். ஊதா மையில் தேதிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நிற்கும். வாடகை நூலகங்கள் மூடப்பட்டபோது வெளியே வந்த ரமணிசந்திரன் நாவல்களில் தடித்த பிளாஸ்டிக் உறையும் ஸ்டேப்ளர் பின்னும் எண்ணும் அப்படியே இருக்கின்றன. சிலவற்றில் பக்க ஓரத்தில் பென்சிலில் ஒரு சின்னக் குறி. தான் ஏற்கெனவே படித்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு வாசகியும் தனக்கென்று ஒரு அடையாளம் வைத்திருந்தார். ஒரே புத்தகத்தில் ஏழெட்டு வகைக் குறிகளைப் பார்த்திருக்கிறேன். பழைய புத்தகச் சந்தை இவற்றை எல்லாம் குறைபாடு என்று கணக்கிட்டு விலையைக் குறைக்கும். வாசிப்பின் வரலாற்றை எழுத நினைப்பவருக்கு இவைதான் மூலம்.

தேடுவதையே வீரமாகச் சொல்லும் மரபு நமக்கு உ.வே. சாமிநாதையரிடமிருந்து வருகிறது. ஊர் ஊராக ஏடு தேடி அலைந்து, 1887இல் அவர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அவருக்குத் தமிழ் பட்ட கடனில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அதே 1887இல் இன்னொரு புத்தகமும் அச்சேறியது. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் அவையில் இருந்த முத்துப்பழனி தெலுங்கில் எழுதிய ‘ராதிகா சாந்த்வனம்’. அந்தப் பதிப்பில் முத்துப்பழனி தன்னைப் பற்றியும் தன் பாட்டி வழி பற்றியும் சொன்ன பகுதியும் பல பாடல்களும் இல்லை. அது பெங்களூர் நாகரத்தினம்மாளுக்குப் பிறகுதான் தெரியவந்தது. ஒரு நூலில் முத்துப்பழனியைப் பற்றிய குறிப்பைப் படித்து, அச்சுப் பிரதியைச் சிரமப்பட்டுத் தேடிப்பிடித்து, பின்னர் சுவடி கிடைத்து ஒப்பிட்டபோதுதான் எவ்வளவு வெட்டியிருக்கிறார்கள் என்று அவர் கண்டார். விடுபட்டதைச் சேர்த்து 1910இல் சென்னையில் வாவிள்ள நிறுவனத்தின் மூலம் வெளியிட்டார். ஆபாசம் என்று குற்றம்சாட்டி 1911இல் அரசு அதைத் தடை செய்து பிரதிகளைக் கைப்பற்றியது. டங்குடூரி பிரகாசம் சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோதுதான் அந்தத் தடை நீங்கியது.

நாகரத்தினம்மாளை நாம் திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பியவராக, பாடகியாக நினைவில் வைத்திருக்கிறோம். பதிப்பாசிரியர் வரிசையில் வைப்பதில்லை. ஒரு பெண், தன்னைப் போன்ற இன்னொரு பெண்ணின் நூலைத் தேடி, வெட்டியதைக் கண்டுபிடித்து, மீட்டு, அதற்காக அரசோடு மோதினார். பழைய புத்தகம் தேடும் பெண்ணுக்கு முன்னோடி இல்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

அவருடைய அனுபவத்தில் ஒரு பாடமும் இருக்கிறது. புத்தகம் கிடைத்துவிட்டது என்பதோடு வேலை முடியவில்லை. கிடைத்த பிரதி எந்தப் பிரதி, அதில் எது இல்லை என்று அவர் கேட்டார். பெண்கள் எழுத்தை மறுபதிப்புச் செய்யும் இன்றைய பதிப்பகங்களிடம் நான் எதிர்பார்ப்பது இந்தக் கேள்வியைத்தான். தொடராக வந்தது எந்த இதழில், எந்த ஆண்டு, நூலானபோது எது மாறியது, இப்போது எந்தப் பிரதியை வைத்து அச்சிடுகிறோம் என்று ஒரு பக்கம் எழுதப் பெரிய செலவாகாது. ஆண் எழுத்தாளர்களின் செம்பதிப்புகளுக்கு இதைச் செய்கிறார்கள். பெண்கள் எழுதியதென்றால் அட்டையில் ஒரு பழைய புகைப்படம், உள்ளே ஒரு புகழ்மொழி முன்னுரை போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

வை.மு. கோதைநாயகியை எடுத்துக்கொள்வோம். 1901இல் பிறந்தார், ஐந்தரை வயதில் திருமணம், பள்ளிப் படிப்பு இல்லை. முதல் நாடகமான ‘இந்திர மோகனா’வை அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். 1925 முதல் ‘ஜகன்மோகினி’யைப் பல பத்தாண்டுகள் நடத்தினார். 115 நாவல்கள். துப்பறியும் கதையும் உண்டு, சீர்திருத்தக் கதையும் உண்டு. விடுதலைப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். ஆனால் நடைபாதையில் அவர் நாவல் ஒன்று அட்டையோடு, கடைசிப் பக்கம் வரை முழுசாகக் கிடைத்தால் அந்த ஆண்டு எனக்குப் போதும். அந்த 115ஐயும் படித்துவிட்டா அவரை ‘மிகையுணர்ச்சி’ என்று ஒதுக்கினோம்? புத்தகமே கைக்குக் கிடைக்காதபோது விமர்சனம் எப்படி நடந்தது? பட்டம்மாள் என்ற பெயர் பிழைத்ததே கோதைநாயகி தன் தொடக்கத்தை மறைக்காமல் சொன்னதால்தான்.

அம்பை தமிழ் இலக்கியத்தில் பெண்களைப் பற்றிய தன் ஆய்வை 1984இல் நூலாக வெளியிட்டார். 1988இல் மும்பையில் பெண்களுக்கான ஆவணக் காப்பகமாக ஸ்பாரோவைத் தொடங்கினார். இந்த இரண்டு வேலைகளும் ஒன்றையடுத்து ஒன்று வந்ததில் எனக்கு வியப்பில்லை. பெண்ணெழுத்தைப் பற்றி விமர்சனம் எழுதுபவர், எதைப் பற்றி எழுதுகிறோமோ அது நாளைக்கும் இருக்க வேண்டுமே என்ற கவலைக்கு வந்து சேர்ந்தே ஆக வேண்டும். சேர்த்துவைப்பது விமர்சனத்தின் ஒரு பகுதிதான்.

இங்கே ஒரு மறுப்பு வரும். இந்த நாவல்களில் பலவும் பெண்ணை அடக்கத்துக்கே பழக்குகின்றன. கதாநாயகன் அறைகிறான், கதாநாயகி கடைசிப் பக்கத்தில் அவன் காலைத் தொடுகிறாள். இவற்றை ஏன் பெண்ணியவாதி தேடிச் சேர்க்க வேண்டும்? இது சரியான கேள்வி. என் பதில், அந்தக் கடைசிப் பக்கத்துக்காகவே சேர்க்க வேண்டும் என்பது. முந்நூறு பக்கம் சொந்தச் சம்பளம், சொந்த வீடு என்று கனவு கண்ட பெண்ணைக் கடைசி இரண்டு பக்கத்தில் எப்படி வீட்டுக்குள் திருப்பி அனுப்பினார்கள் என்று பார்க்க அந்த முந்நூறு பக்கமும் நம் கையில் இருக்க வேண்டும். லட்சக்கணக்கான பெண்கள் என்ன விரும்பினார்கள், எதற்குப் பயந்தார்கள் என்பதற்கு வேறு பதிவு குறைவு. நல்ல நாவல், மோசமான நாவல் என்று பிரிப்பதைப் படித்த பிறகு செய்துகொள்ளலாம்.

இன்னொரு வரம்பையும் மறைக்கக் கூடாது. நடைபாதைக்கு வருவது ஒரு காலத்தில் யாரோ காசு கொடுத்து வாங்கி, பரண் இருந்த வீட்டில் வைத்திருந்த புத்தகம். அதனால் அந்தக் குவியலில் பிராமண, வேளாள நடுத்தர வீட்டின் வாசனை தூக்கலாக இருக்கும். இசைவேளாளர் சமூகத்திலிருந்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936இல் எழுதிய ‘தாசிகள் மோசவலை’யின் பழைய பிரதியை நான் நடைபாதையில் ஒருமுறைகூடக் கண்டதில்லை. சுயமரியாதை இயக்கப் பெண்களின் துண்டறிக்கைகளும் சொற்பொழிவுகளும் மலிவுத் தாளில் வந்தவை. சேர்த்துவைக்க அலமாரி இல்லாத கைகளுக்குப் போனவை. சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ 1989இல், பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வருவதற்கு முன்னால் தலித் பெண்களின் நாவல், தன்வரலாறு என்று நடைபாதையில் தேடி எடுக்க என்ன இருந்தது? பழைய புத்தகக் குவியல் பெண்களின் முழு வரலாறு என்று யாராவது சொன்னால், எந்தப் பெண்கள் என்று கேட்க வேண்டும். புத்தகம் விற்கும் பாயில் இல்லாதவர்கள், அந்தப் புத்தகம் வந்துசேரும் வழியில் இருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்த பழைய பேப்பர் கடைகளில் தாளையும் அட்டையையும் பிரித்துப்போடும் வேலையைத் தரையில் உட்கார்ந்து செய்தவர்கள் பெண்கள்தான். எது புத்தகம், எது கூழாகப் போகும் தாள் என்ற முதல் தேர்வு அவர்கள் கையில் நடக்கிறது.

நடைபாதையில் தேடும் பெண்ணின் உடம்பைப் பற்றியும் வேட்டைக் கட்டுரைகளில் வராது. குந்தி உட்கார்ந்தால் பின்னால் நிற்கும் ஆண்கள், தோளுக்கு மேலே நீளும் கைகள், இருட்டுவதற்குள் பஸ் பிடிக்கும் கணக்கு. ‘மேடம், கோலப் புத்தகம், சமையல் புத்தகமெல்லாம் அந்தப் பக்கம்’ என்ற உபசாரம் வேறு. அநுத்தமா இருக்கிறதா என்று நான் முதன்முதலாகக் கேட்டபோது ஒரு கடைக்காரர் சொன்னார்: “அதெல்லாம் யாரும் கேக்கறதில்லக்கா. வந்தா அப்படியே கட்டிப் போட்டுடுவோம். நீங்க கேப்பீங்கன்னா எடுத்து வெக்கிறேன்.” அடுத்த பொங்கலுக்கு ஒரு சாக்குப்பையில் பதினான்கு புத்தகங்கள் எடுத்து வைத்திருந்தார். அதற்கடுத்த ஆண்டு இருபதுக்கு மேல். விலையையும் பத்து ரூபாய் ஏற்றிவிட்டார். அந்தப் பத்து ரூபாயை நான் மகிழ்ச்சியோடுதான் கொடுத்தேன். கூழாலைக்குப் போகாமல் ஒரு புத்தகத்தைத் தடுத்து நிறுத்த, யாரோ ஒருத்தி வாய்விட்டுக் கேட்டாலே போதும் என்று அன்று தெரிந்தது.

அதனால் இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களிடம் இரண்டு வேண்டுகோள். புத்தகக் காட்சிக்குப் போனால் வெளியே இருக்கும் நடைபாதையில் நின்று, பெண் எழுத்தாளர் ஒருவரின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அன்றைக்கு இல்லாவிட்டாலும் கேளுங்கள். இரண்டாவது, உங்கள் அம்மாவோ பாட்டியோ மாமியாரோ வைத்திருக்கும் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரர் வருவதற்கு முன்னால் ஒரு நோட்டில் பட்டியல் எடுங்கள். நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு, உள்ளே யார் கையெழுத்து, எந்தப் பக்கத்தில் என்ன குறி என்று எல்லாவற்றையும் குறியுங்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே பக்கத்தில் உட்காரவைத்து எடுங்கள். இது யார் கொடுத்தது, இதை ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டு எழுதுங்கள். பட்டியலின் தலைப்பில் அவருடைய சொந்தப் பெயரைப் போடுங்கள்.